கெட்டிக்கும் கோல்

கெட்டிக்கும் கோல் என்பது வாய்வழியாக மருந்தும் குண்டும் இடப்படும் துப்பாக்கிகளில், அவற்றைக் குழலின் அடிவரை தள்ளி இறுக்குவதற்குப் பயன்படும் நீண்ட கோல் ஆகும். குழலைத் துடைப்பதற்கும், துப்பாக்கி கெட்டிக்கப்பட்டுள்ளதா என்று அறிவதற்கும், சுடாமலேயே மருந்தை வெளியே எடுப்பதற்கும் இதே கோல் பயன்படுகிறது. தமிழ்நாட்டில் நாட்டுத் துப்பாக்கி என்று பொதுவாக அழைக்கப்படும் ஒற்றைக்குழல் துப்பாக்கிகளில் இக்கோல் குழலுக்கு அடியில் செருகி வைக்கப்பட்டிருக்கும். காவிரிப் படுகை மாவட்டங்களில் இவ்வகைத் துப்பாக்கி பெரும்பாலும் நரிக்குறவர் சமூகத்தின் பறவை வேட்டையோடும், வயல் காவலோடும் தொடர்புடையதாக அறியப்பட்டது.

இத்துப்பாக்கியைக் கையாள்வதில் நேரும் விபத்துகளில் கணிசமானவை சுடும்போது அன்றி, கெட்டிக்கும்போதே நேர்கின்றன. கெட்டிப்பவரின் கை குழல்வாய்க்கு நேராக இருப்பதே இதற்குக் காரணம். எனவே கோலைப் பிடிக்கும் முறை பாதுகாப்பின் முதற்பகுதியாகக் கருதப்படுகிறது.

பெயர்

துப்பாக்கியில் மருந்து இட்டு இறுக்குவதைத் தமிழில் கெட்டித்தல் என்பர். இறுக்கமாக்குதல் என்ற பொருளிலிருந்து இவ்வழக்கு வந்தது. வெடிமருந்தை மருந்து என்று மட்டும் சொல்வதும் பரவலான வழக்காகும். இந்தி, உருது மொழிகளில் இக்கோல் கசம் (கஜம்) எனப்படுகிறது. கெச அளவுகோலையும் அதே சொல் குறிக்கும். இலங்கைத் தமிழில் துப்பாக்கி துவக்கு என வழங்கும்.

அமைப்பு

கோலின் நீளம் பொதுவாகக் குழலின் நீளத்திற்குச் சமமாகவோ சற்றுக் கூடுதலாகவோ இருக்கும். குழலுக்குள் தடையின்றிச் சென்றுவர வேண்டுமாதலால் அதன் பருமன் குழலின் உள்விட்டத்தைவிடக் குறைவாக இருக்கும். கோலின் ஒரு முனை அகன்று தட்டையாகவோ, குண்டின் வளைவுக்கு ஏற்பச் சற்றுக் குழிந்தோ அமையும். மறுமுனையில் துணியைப் பற்றும் கொக்கியோ, திருகுமுனையோ பொருத்தப்படுவது உண்டு. திருகுமுனை அடைப்பைத் துளைத்து வெளியே இழுக்க உதவும்.

கோல் செய்யப் பயன்படும் பொருள்கள்:

* மரம்: எடை குறைவு; குழலின் உட்புறத்தைத் தேய்க்காது. ஆனால் இழையோட்டம் நேராக இல்லாத மரம் சாய்வாக முறிந்து கூரிய முனையை உண்டாக்கும்.
* மூங்கில்: எளிதில் கிடைப்பது. காய்ந்தபின் கணுக்களில் பிளவு ஏற்படலாம். ஈரப்பதத்தில் வளையக்கூடும்.
* இரும்பு, எஃகு: முறியாது. எடை கூடுதல், துருப்பிடிக்கும், குழல்வாயின் விளிம்பைத் தேய்க்கும்.
* பித்தளை: இரும்பைவிட மென்மையானது, தீப்பொறி எழுப்பாது. மெல்லிய கோல் எளிதில் வளையும்.
* கண்ணாடியிழை முதலிய செயற்கைப் பொருள்கள்: வளைந்து கொடுக்கும். மணல்துகள் ஒட்டிக்கொண்டால் குழலை அரிக்கும்.

வரலாறு

உலகில்

கைத்துப்பாக்கிகளும் பீரங்கிகளும் தோன்றிய காலம் முதல் கெட்டிக்கும் கோலும் இருந்துவந்துள்ளது. தொடக்கத்தில் மரக்கோல்களே வழங்கின. போர்க்களத்தில் அவசரமாகக் கெட்டிக்கும்போது அவை முறிந்துவிடுவது பெருங்குறையாக இருந்தது. பிரசியப் படைத்தலைவர் அன்ஹால்ட்-டெசாவ் இளவரசர் லியோபோல்டு 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் தம் படைப்பிரிவில் இரும்புக் கோலைப் புகுத்தினார். பின்னர் அது பிரசியக் காலாட்படை முழுவதற்கும் விரிவாக்கப்பட்டது. 1741இல் மொல்விட்சுப் போரில் பிரசியக் காலாட்படை விரைவாகச் சுட்டதற்கு இக்கோலும் ஒரு காரணமாகக் கூறப்படுகிறது. 18ஆம் நூற்றாண்டில் பிரித்தானியப் படையும் படிப்படியாக உலோகக் கோலுக்கு மாறியது.

பதற்றத்தில் துப்பாக்கி கெட்டிக்கப்பட்டுள்ளதை மறந்து மீண்டும் கெட்டிப்பது பழைய போர்க்களங்களில் அடிக்கடி நேர்ந்தது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் 1863ஆம் ஆண்டு கெட்டிசுபர்க் களத்திலிருந்து மீட்கப்பட்ட 27,574 துப்பாக்கிகளில் ஏறத்தாழ 24,000 கெட்டித்த நிலையிலேயே இருந்தன. அவற்றுள் ஏறக்குறைய முக்கால் பங்கில் ஒன்றுக்கு மேற்பட்ட தடவை மருந்தும் குண்டும் இடப்பட்டிருந்ததாகக் கணக்கிடப்பட்டது. 1860களில் பின்புறமாகத் தோட்டா இடும் துப்பாக்கிகள் பரவியபின் படைகளில் கெட்டிக்கும் கோலின் தேவை மறைந்தது.

தஞ்சைப் பகுதியில்

தஞ்சாவூர் நாயக்கர் (1532–1673), மராத்தியர் (1676–1855) ஆட்சிக்காலங்களில் இப்பகுதியில் பீரங்கியும் துப்பாக்கியும் வழக்கில் இருந்தன. 1620இல் தரங்கம்பாடியில் குடியேறிய டேனியர், பின்னர் பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் ஆகியோர் வழியாக ஐரோப்பியத் துப்பாக்கிகளும் வந்து சேர்ந்தன. தஞ்சாவூர்க் கோட்டையின் கிழக்குப் பகுதியிலுள்ள பீரங்கி மேட்டில் காணப்படும் பெரும் பீரங்கி, இரும்புப் பட்டைகளையும் வளையங்களையும் காய்ச்சி அடித்து இணைத்துச் செய்யப்பட்டது. இது இரகுநாத நாயக்கர் காலத்தது எனக் கருதப்படுகிறது. இத்தகைய பீரங்கிகளுக்கும் நீண்ட மரத்தண்டின் முனையில் கட்டை பொருத்திய கோலைக்கொண்டே மருந்து கெட்டிக்கப்பட்டது.

1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலி தஞ்சாவூரை முற்றுகையிட்டுத் தோல்வியுடன் திரும்பினார். 1771, 1773 ஆகிய ஆண்டுகளிலும் கோட்டை முற்றுகைக்கு உள்ளானது. இப்போர்களில் பங்கேற்ற அனைத்துப் படைகளும் வாய்வழிக் கெட்டிக்கும் துப்பாக்கிகளையே பயன்படுத்தின. தஞ்சை அரண்மனை ஆயுதசாலையைச் சேர்ந்த படைக்கலங்களில் ஒரு பகுதி சென்னை அரசு அருங்காட்சியகத்தில் உள்ளது.

கையாளும் முறை

கெட்டிக்கும் முன்

முதலில் கேப்பு பொருத்தப்படவில்லை என்பது உறுதிசெய்யப்படும். அதன்பின் கோலைக் குழலுக்குள் மெதுவாக விட்டு, குழல்வாயின் மட்டத்தில் கோலில் உள்ள அடையாளம் பார்க்கப்படும். கோலில் இரண்டு அடையாளங்கள் இடுவது நன்முறையாகும்.

* குழல் வெறுமையாக இருக்கும்போது கோல் எதுவரை இறங்குகிறது என்பதைக் காட்டும் கோடு.
* வழக்கமான அளவு மருந்தும் குண்டும் சரியாக அமர்ந்தபின் கோல் எதுவரை இறங்குகிறது என்பதைக் காட்டும் கோடு.

முதற்கோடு குழல்வாய்க்கு மேலே நின்றால் குழலுக்குள் ஏதோ உள்ளது என்று பொருள். இரண்டாம் கோடு மேலே நின்றால் குண்டு மருந்தின்மீது அமரவில்லை அல்லது இருமுறை மருந்து இடப்பட்டுள்ளது என்று பொருள். கண்ணால் காணமுடியாத குழலின் அடிப்பகுதியை அறிய இதைவிட எளிய வழி இல்லை. குழல்வாயில் கண்ணை வைத்துப் பார்ப்பதும், வாயை வைத்து ஊதுவதும் ஆபத்தானவை.

கெட்டித்தல்

துப்பாக்கியின் கட்டையைத் தரையில் ஊன்றி, குழல்வாய் முகத்தையும் உடலையும் விட்டு விலகியிருக்குமாறு சாய்த்து வைக்கவேண்டும். அளந்த மருந்தை இட்டபின் அடைப்பும் இரவையும், அல்லது எண்ணெய்த் துணி சுற்றிய குண்டும் வைக்கப்படும். நாட்டுத் துப்பாக்கிகளில் தேங்காய் நார், துணி, காகிதம் ஆகியவை அடைப்பாகப் பயன்படும்.

கோலைக் குழல்வாய்க்கு மேல் ஒரு சாண் அளவிலேயே பிடித்து, சிறுசிறு தள்ளல்களாக இறக்கவேண்டும். ஒவ்வொரு தள்ளலுக்குப் பின்னும் பிடியை மீண்டும் ஒரு சாண் மேலே மாற்றவேண்டும். கோலின் உச்சியைப் பிடித்து ஒரே வீச்சில் அழுத்தினால் நடுவில் வளைந்து முறியும். முறிந்த மரமுனை உள்ளங்கையையோ முன்கையையோ துளைக்கும். உச்சியை உள்ளங்கையால் மூடி அழுத்துவது இன்னும் தீயது. தப்பித்தவறி மருந்து பற்றினால் கோல் கையைத் துளைத்துக்கொண்டு வெளியேறும். கோலைப் பக்கவாட்டில் விரல்களால் பற்றியிருந்தால் காயத்தின் கடுமை குறையும்.

குண்டு மருந்தின்மீது உறுதியாக அமரவேண்டும். இடையில் வெற்றிடம் இருந்தால் சுடும்போது குண்டு ஓர் அடைப்புப்போல் செயற்பட்டுக் குழல் வீங்கவோ வெடிக்கவோ கூடும். அதேவேளை, கோலைத் தூக்கிப்போட்டு மீண்டும் மீண்டும் இடிப்பது தேவையற்றது. அது மருந்துத் துகள்களை நொறுக்குவதோடு குண்டின் வடிவத்தையும் சிதைக்கும். ஒவ்வொரு முறையும் ஒரே அளவான அழுத்தம் கொடுப்பதே சீரான சுடுதலுக்கு அடிப்படை.

கெட்டித்து முடிந்ததும் கோலை வெளியே எடுத்து அதற்குரிய வளையங்களில் செருகியபின்னரே கேப்பு பொருத்தப்படும். கோலைக் குழலுக்குள் மறந்துவிட்டுச் சுட்டால் கோலே எறிபடையாகப் பாயும், குழலும் சேதமடையும்.

அடுத்தடுத்துச் சுடும்போது

மருந்து எரிந்தபின் குழலுக்குள் கரியும் சில வேளை கனன்றுகொண்டிருக்கும் துகள்களும் எஞ்சும். எரியும் துகளின்மீது புதிய மருந்து விழுந்தால் உடனே பற்றும். இதைத் தவிர்க்கச் சற்றுப் பொறுத்து, ஈரத்துணி சுற்றிய கோலால் குழலைத் துடைத்து, பின் உலர்துணியால் துடைப்பர். மருந்துக்குடுவையிலிருந்து நேராகக் குழலுக்குள் கொட்டாமல், ஒரு தடவைக்கு உரிய அளவை வேறு சிறு குப்பியில் எடுத்து இடுவதும் இதே காரணத்தால்தான். பற்றினாலும் குடுவை முழுவதும் வெடிக்காது.

வெடிக்காதபோது

விசையை அழுத்தியும் வெடிக்காவிட்டால், குழலைப் பாதுகாப்பான திசையில் நீட்டியவாறே குறைந்தது ஒரு நிமிடம் காத்திருக்கவேண்டும். மருந்து தாமதமாகப் பற்றக்கூடும். அதுவரை கோலைக் குழலுக்குள் விடுதல் கூடாது. பின்னர்க் கேப்பை நீக்கி, துளையைச் சுத்தம் செய்து புதிய கேப்பு இட்டுப் பார்ப்பர். அப்போதும் வெடிக்காவிட்டால் மருந்தை நீரால் நனைத்துச் செயலிழக்கச் செய்து, திருகுமுனை பொருத்திய கோலால் அடைப்பையும் குண்டையும் வெளியே இழுப்பர்.

வேட்டையில்

வேட்டைக்காரர் நடந்துகொண்டே இருப்பதால் அவரிடம் துப்பாக்கியோடு இணைந்த ஒரே கோல்தான் இருக்கும். அது தொலைந்தாலோ முறிந்தாலோ துப்பாக்கி பயனற்றதாகிவிடும். புதர்களுக்குள் செல்லும்போது கோல் தளர்ந்து வெளியே நீண்டால் சுடும்போது எழும் உதைப்பில் விழுந்துவிடும். எனவே அது இறுக்கமாகச் செருகப்பட்டுள்ளதா என்று அவ்வப்போது பார்க்கவேண்டும்.

கெட்டித்த துப்பாக்கியை நெடுநேரம் குழல்வாய் கீழ்நோக்கித் தூக்கிச்சென்றால் குண்டு நழுவி முன்னேறக்கூடும். இரட்டைக்குழல் துப்பாக்கியில் ஒரு குழலைச் சுடும் உதைப்பில் மற்றக் குழலின் அடைப்பு தளர்வதும் உண்டு. இரு நிலைகளிலும் கேப்பை நீக்கிவிட்டுக் கோலால் மீண்டும் அழுத்திச் சரிபார்ப்பது வழக்கம். இரட்டைக்குழலில் வெறுமையான குழலைக் கெட்டிக்கும் முன் மற்றக் குழலின் கேப்பை நீக்கவேண்டும். இல்லையேல் கெட்டிப்பவரின் கைக்கு அருகே உயிருள்ள குழல் ஒன்று எப்போதும் இருக்கும்.

காவிரிப் படுகையில் வடகிழக்குப் பருவமழைக் காலம் (அக்டோபர்–டிசம்பர்) நீர்ப்பறவைகள் மிகுதியாக வரும் காலமும் ஆகும். அக்காலத்தில் காற்றின் ஈரம் இரும்புக் கோலைத் துருப்பிடிக்கச் செய்யும், மூங்கிற்கோலை வளைக்கும், குழலில் எஞ்சிய கரி ஈரத்தை உறிஞ்சிக் குழலை அரிக்கும். பயன்படுத்திய அன்றே வெந்நீரால் குழலைக் கழுவி, உலர்த்தி, எண்ணெய் பூசுவது இத்தகைய துப்பாக்கிகளுக்கு இன்றியமையாதது.

நரிக்குறவரும் நாட்டுத் துப்பாக்கியும்

வாக்ரிபோலி என்னும் இந்தோ-ஆரிய மொழியைப் பேசும் நரிக்குறவர் மரபாக வேட்டையைத் தொழிலாகக் கொண்டவர்கள். கண்ணி, வலை ஆகியவற்றோடு ஒற்றைக்குழல் நாட்டுத் துப்பாக்கியையும் பயன்படுத்திக் கொக்கு, மடையான், காடை, கௌதாரி, நரி முதலியவற்றை வேட்டையாடினர். திருச்சிராப்பள்ளி–தஞ்சாவூர் நெடுஞ்சாலையையொட்டியுள்ள தேவராயநேரி இவர்களின் குடியிருப்புகளுள் ஒன்று.

1972ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டம் இவர்களின் வாழ்க்கையை அடியோடு மாற்றியது. வேட்டை குற்றமான பின்னர் ஊசி, பாசிமணி விற்பனையே பலருக்கும் முதன்மைத் தொழிலாயிற்று. இதனால் துப்பாக்கியைக் கையாளும் பயிற்சி தலைமுறைதோறும் கைமாறுவதும் குறைந்தது. பழகிய கைகளில் இருந்த கருவி பழகாத கைகளுக்குச் செல்லும்போது ஆபத்து கூடுகிறது. நரிக்குறவரையும் குருவிக்காரரையும் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் சட்டத்திருத்தத்தை நாடாளுமன்றம் 2022 டிசம்பரில் நிறைவேற்றியது.

இலக்குச் சுடுதலில்

இலக்குச் சுடுதலில் துப்பாக்கியோடு இணைந்த கோலுக்கு மாறாகத் தனியாக ஒரு நீண்ட கோல் பயன்படுத்தப்படுகிறது. அதன் தலையில் உருண்டைப் பிடி இருக்கும். கோல் குழல்வாயின் விளிம்பில் உராய்ந்து தேய்மானத்தை உண்டாக்காதவாறு, நடுவில் துளையுள்ள வழிகாட்டி மூடி ஒன்று குழல்வாயில் பொருத்தப்படும். புரியிட்ட குழல்களில் வாய் விளிம்பு சிறிது தேய்ந்தாலும் குறி தவறும் என்பதால் இம்மூடி முக்கியமானது.

பன்னாட்டு அளவில் இவ்விளையாட்டை 1971இல் தோன்றிய வாய்வழிக் கெட்டிக்கும் துப்பாக்கிக் கழகங்களின் பன்னாட்டுக் குழு நடத்துகிறது. தனியாள் போட்டிகளில் பொதுவாக 30 நிமிடங்களில் 13 முறை சுட்டு, சிறந்த 10 மட்டும் கணக்கிடப்படும். முன்னரே அளந்து தனித்தனிக் குப்பிகளில் எடுத்துவந்த மருந்தையே பயன்படுத்தவேண்டும். ஒவ்வொரு முறையும் கெட்டிக்க ஏறத்தாழ இரண்டு நிமிடங்களே கிடைப்பதால் பதற்றமற்ற, ஒரே சீரான கோல்வீச்சு வெற்றியைத் தீர்மானிக்கிறது.

காவிரி தோன்றும் குடகு மாவட்டத்தில், கொடவர்கள் செப்டம்பரில் கொண்டாடும் கைல்போத் திருநாளில் படைக்கலங்களை வழிபட்டு, தேங்காயைக் குறியாக வைத்துச் சுடுவது மரபு. கொடவருக்கு ஆங்கிலேயர் காலம் முதல் உள்ள உரிம விலக்கை நடுவண் அரசு 2019இல் மேலும் பத்தாண்டுகளுக்கு நீட்டித்தது. தமிழ்நாட்டில் இத்தகைய விலக்கு எச்சமூகத்திற்கும் இல்லை.

சட்ட நிலை

1959ஆம் ஆண்டின் இந்திய ஆயுதச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, உண்மையான பயிர்ப் பாதுகாப்பிற்காக வாய்வழிக் கெட்டிக்கும் துப்பாக்கிக்கு உரிமம் வழங்குவதைத் தனியே குறிப்பிடுகிறது. உரிமமின்றி வைத்திருப்பது, 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, இரண்டு முதல் ஐந்து ஆண்டுகள் வரை சிறைத்தண்டனைக்கு உரிய குற்றமாகும். வெடிமருந்து வைத்திருப்பதற்கும் தனி விதிகள் உள்ளன.

பயிர்ப் பாதுகாப்பு உரிமம் வேட்டைக்கான அனுமதி ஆகாது. வனவுயிர் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட பறவைகளையும் விலங்குகளையும் கொல்வது குற்றம். கோடியக்கரை (1967), வடுவூர், உதயமார்த்தாண்டபுரம், கரைவெட்டி ஆகிய பறவைப் புகலிடங்கள் படுகையிலும் அதன் விளிம்பிலும் அமைந்துள்ளன. இவை நான்கும் ராம்சர் ஈரநிலப் பட்டியலில் இடம்பெற்றவை. நெல்வயல்களில் பெருந்தொல்லையான எலிகளுக்குத் துப்பாக்கி பயன்படாது. அதற்கு மூங்கிலால் செய்யப்பட்ட தஞ்சாவூர்க் கிட்டியே மரபான கருவியாகும்.

தேர்தல் காலங்களில் உரிமம் பெற்ற துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்குமாறு கேட்கப்படுவது வழக்கம். ஒப்படைக்கும் முன்னரும், பழைய துப்பாக்கி ஒன்றை வீட்டின் பரணிலிருந்து எடுக்கும்போதும், அது கெட்டித்த நிலையில் இருக்கலாம் என்றே கொள்ளவேண்டும். உலர்ந்த நிலையில் இருக்கும் மருந்து பல ஆண்டுகளுக்குப் பின்னும் வெடிக்கும் திறனுடையது. அத்தகைய துப்பாக்கியைப் பயிற்சியற்றவர்கள் கோலால் குடையாமல், காவல்துறையினருக்குத் தெரிவிப்பதே பாதுகாப்பானது.

அதிர்வேட்டுடன் ஒப்புமை

கோயில் திருவிழாக்களில் இரும்புக் குழாய்களில் மருந்து கெட்டித்து வெடிக்கப்படும் அதிர்வேட்டுக்கும் இதே கொள்கை பொருந்தும். அங்கும் மருந்தின்மீது அடைப்பு இட்டுக் கோலால் இறுக்கப்படுகிறது. குண்டு இல்லாவிடினும் கெட்டிக்கும்போது பற்றினால் நேரும் காயம் ஒன்றே. 1848இல் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில், இருப்புப்பாதைக்காகப் பாறைத்துளையில் மருந்து இடித்துக்கொண்டிருந்த பினியசு கேச் என்பவரின் தலையை, ஏறத்தாழ 1.1 மீட்டர் நீளமும் 6 கிலோகிராம் எடையும் உள்ள இரும்புக்கோல் ஊடுருவிச் சென்றது. அவர் உயிர்பிழைத்ததால் இந்நிகழ்வு மூளையியல் வரலாற்றில் இடம்பெற்றது. இரும்பும் கல்லும் உரசி எழுந்த பொறியே அவ்வெடிப்புக்குக் காரணமாகக் கருதப்படுகிறது.

இவற்றையும் பார்க்க

* துப்பாக்கி
* வெடிமருந்து
* நரிக்குறவர்
* தஞ்சாவூர்க் கிட்டி
* வடுவூர் பறவைகள் புகலிடம்
* வனவுயிர் பாதுகாப்புச் சட்டம், 1972